சட்டையோடு குளிக்கிற ஊர்

நெல்லிக்கோட்டில் ஒரு சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், ஆம்பிளைகள் எல்லோரும் சட்டையோடு குளிக்க ஆரம்பித்தார்கள். முதலில் டீக்கடை தாசையன், அப்புறம் அவன் கடை பெஞ்சைத் தேய்க்கிற நாலு பேர், அப்புறம் தபால்காரர், தையல்காரர், சொசைட்டியில் பால் அளக்கிறவர் என்று ஒவ்வொருத்தராகப் பாசனச் சானல் கரைக்கு வந்து, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிய சட்டையோடு முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டதனால்தானே இந்தப் பாடு!

ஒரே ஒருத்தர் மட்டும் இடுப்பில் துண்டும் வெறும் மேலுமாகப் படியில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, நெஞ்சு நன்றாகத் தெரியும்படி எண்ணெய் தேய்த்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற கோலப்பன். அந்தக் கர்வம் அவருக்கு இருந்தது, இருக்கட்டும், ரொம்ப நாள் இருக்கப்போவதில்லை.

விஷயம் இதுதான். தாணு ஊருக்குத் திரும்பி வந்திருந்தான். தாணு இந்த ஊரில் பெண்பிள்ளையாக வளர்ந்தவன். அப்போது அவனுக்கு வேறு பெயர், அதை அவனே விட்டுவிட்டான், நமக்கு எதற்கு. பதினெட்டு வயதில் போனவன் இருபத்தேழு வயதில் தாடியும் மீசையும் கட்டைக் குரலுமாக வந்து இறங்கி, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை போட்டான். கடை போட்ட கையோடு மேற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். இரண்டு மாதம் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல், உயரத்தில் இருக்கிற ஸ்பேனரை எடுக்க வாடிக்கையாளரையே ஏவிக்கொண்டிருந்ததால் ஊர் முழுக்க அது தெரிந்துபோயிற்று.

ஒருநாள் டீக்கடை நிறைய ஆள் இருக்கும்போது தாசையன் கேட்டான். "லேய் தாணு, சட்டையைக் கொஞ்சம் தூக்குலே. எப்படி வெட்டியிருக்கான்னு நாங்களும் பாக்கட்டு." தாணு பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் காலையில் தாசையன் குளிக்கப் போய்ச் சட்டையைக் கழற்றினால், நெஞ்சின் இரண்டு பக்கமும் முலைக்குக் கீழே, வளைந்து, இளஞ்சிவப்பாக, தையல் பிரித்து ஆறு மாதம் ஆனது போல இரண்டு கோடு. வலி இல்லை, ரத்தம் இல்லை. தாசையன் சோப்புப் போட்டுத் தேய்த்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான், கடைசியில் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு குளித்தான்.

வெயில் காலத்தில் வேர்க்குரு வருவதில்லையா, அம்மை வருவதில்லையா, அப்படித்தான் ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. எப்படி வருகிறது, எப்படித் தப்பலாம் என்கிற கணக்கில்தான் எல்லோருக்கும் அக்கறை. வாய்விட்டுக் கேட்டவனுக்கு மறுநாள் விடியும்போது இரண்டு கோடும் இருந்தது, ஆள்விட்டுக் கேட்டவனுக்கு அந்த ஆள் திரும்பி வருவதற்குள் இருந்தது, கேட்கப் போன ஆளுக்கு ஒன்றும் வரவில்லை, "மேலே மட்டுந்தானா, கர்ப்பப்பையையும் எடுத்தாச்சா, கீழேயும் என்னவாவது வெச்சுத் தச்சாச்சா" என்று விலாவாரியாகக் கேட்டவனுக்குக் கோடு கொஞ்சம் அகலமாக இருந்தது, அடையாள அட்டையில் பெயர் மாற்றக் கொடுத்த தாளெல்லாம் சரியாக இருந்தும் "எனக்குத் திருப்தியாவணும், சட்டையைக் கழத்து" என்று சொன்ன ஓர் எழுத்தருக்கு ஆபீஸ் நேரத்திலேயே வந்தது. பெண்களும் கேட்டார்கள், பெண்களுக்கும் வந்தது, ரவிக்கை மறைத்தது.

மறைக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர் மகாதேவர் கோவில் போத்திதான். பாவம், பூசை செய்கிறவர் சட்டைக்கு எங்கே போவார்? பூணூலுக்கு இரண்டு பக்கமும் பளிச்சென்று கோடு தெரிய அவர் தீபாராதனை காட்ட, ஊரே அவரைப் பிடித்துக்கொண்டது. "நீருமா வேய் கேட்டீரு? சாமிகிட்ட நிக்கப்பட்ட ஆளு!" என்று கழுத்துப் பொத்தான் போட்டவனெல்லாம் வாசலுக்கு வெளியே நின்று ஏசினான். உள்ளே வந்து ஏச முடியாது. அந்தக் கோவிலில் ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அந்த வருடம் கோவிலுக்குள் பெண்கள் மட்டுமே கும்பிட்டார்கள். வீட்டுக்கு வீடு சந்தேகம். பெண்டாட்டி புருஷனின் காலரைப் பார்த்தாள், புருஷன் பெண்டாட்டியின் ரவிக்கையைப் பார்த்தான், அண்ணன் தம்பி ஒரே கயிற்றில் துணி காயப்போடுவதை நிறுத்தினார்கள்.

கோலப்பனுக்கு மட்டும் ஏன் கோடு இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம். ஏனென்றால் அவருடைய ஒரே மகள் மங்கையைத்தான் தாணு கட்டிக்கொள்ளப் போகிறான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், கடை ஃபேன் ரிப்பேருக்குப் போன இடத்தில் பழக்கம், சில மாதமாகப் பேச்சு, ஆவணியில் மகாதேவர் கோவிலில் கல்யாணம் என்று முடிவு. "பொண்ணு குடுக்கப்பட்டவன் கேக்காம இருப்பானா? எவன் நம்புவான்?" என்று சொல்லிக்கொண்டு, அவர் குளிக்கிற நேரம் பார்த்து நாலு பேர் பல் தேய்க்கிற சாக்கில் சானலுக்கு வந்து, அவர் நெஞ்சை நோட்டம் விட்டுப் போனார்கள்.

கோலப்பன் கேட்கவில்லை, அது வாஸ்தவம். ஆனால் கேட்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். முப்பது வருடமாக ரப்பர் வெட்டுகிற மனுஷன். புதுசாக ஒரு தோட்டம் கைக்கு வந்தால், கத்தியை எடுக்கும் முன்னால் மரம் மரமாகப் போய், முன்னால் வெட்டினவன் போட்டுவிட்டுப் போன பழைய வெட்டைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். ஆழமா வெட்டினானா, பட்டைக்கு உள்ளே தடியைத் தொட்டானா, பட்டை திரும்ப வளர்ந்திருக்கிறதா, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எல்லாம் அந்தத் தடவலில் தெரியும். தடவிப் பார்க்காத மரத்தை அவர் நம்பியதே இல்லை. இப்போது பெற்ற மகளைக் கொண்டுபோய் ஒருத்தன் கையில் கொடுக்க வேண்டும், தடவிப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி? இவன் முழுசாக ஆம்பிளைதானா, பாதியில் நிற்கிறானா, நாளைக்கு மனம் மாறித் திரும்பிவிடுவானா, மகளுக்கு ஒரு பிள்ளை பிறக்குமா, சாவு வீட்டிலும் சடங்கு வீட்டிலும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்களா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிசு என்பதை அவர் தனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

மங்கைக்கு அப்பாவைத் தெரியும். அவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். "ஊரு கேக்கட்டும்ப்பா. நீங்க கேக்கப்பிடாது. கேட்டா உங்க நெஞ்சிலே தெரியும். கல்யாணத்தன்னைக்கு சட்டையைக் கழத்தித்தானே ஆவணும்? கோட்டைப் பாத்தேன்னா தாரை வார்க்க நீங்க வேண்டாம். மாதேவன் சித்தப்பா வார்க்கட்டும்."

"உனக்கு எல்லாம் தெரியுமா பிள்ளே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"எனக்குத் தெரிய வேண்டியது தெரியும். நான் கேக்கல்ல, அவரே சொன்னாரு."

கோலப்பன் அடித்துப்பிடித்து உள்ளே ஓடிக் கண்ணாடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை. மகளுக்குத் தெரியுமா என்று கேட்டது கணக்கில் வரவில்லை போலிருக்கிறது, அப்பாடா என்று இருந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது. கோடு விழுந்தவர்கள் எல்லோரும் நெல்லிக்கோட்டுக்குள் வைத்துக் கேட்டவர்கள். இது ஊர் எல்லைக்குள் நடக்கிற காரியம். எல்லை தாண்டிப் போய்க் கேட்டால் என்ன வரப்போகிறது? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, பெண்டாட்டி தங்கம்மையிடம் தோட்டக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி மேற்கே பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தாணுவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவைப் பார்த்தார். கண்ணாடி போட்ட, சிரிக்கவே நேரமில்லாத அம்மா. "எனக்கு மருமகனா வரப்பட்ட பையன் இஞ்ச ஆபரேஷன் செய்திருக்கான். என்னெல்லாம் செய்தீங்க, முழுசா செய்தாச்சா, எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போரும்."

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொதுவா வேணும்னா சொல்றேன்" என்று டாக்டரம்மா ஒரு தாளை எடுத்தார். நெஞ்சு சின்னதாக இருந்தால் காம்பைச் சுற்றி மட்டும் கீறி எடுப்பார்கள், பெரிசாக இருந்தால் கீழே இரண்டு வெட்டுப் போட்டு எடுத்துக் காம்பைத் திரும்ப வைத்துத் தைப்பார்கள். சிலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் கர்ப்பப்பையை எடுப்பார்கள், அதற்கு வயிற்றில் சின்னத் துளை போதும். சிலர் கீழேயும் செய்துகொள்வார்கள், அது இரண்டு மூன்று தடவையாக நடக்கும், கையிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை எடுக்க வேண்டி வரும், நாள் ஆகும், சிக்கலும் வரும். சிலர் எதுவுமே செய்துகொள்ள மாட்டார்கள். "இதுல முழுசு, அரைகுறைன்னு கிடையாது. அவங்கவங்களுக்கு எது வேணுமோ அது" என்று பேனாவை மூடினார்.

"அப்போ எங்க பையன் இதுல எது?"

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"

"குடலிறக்கம். எட்டு வருசம் முன்னால."

"எங்கே வெட்டினாங்க, என்ன பண்ணினாங்கன்னு மருமகன்கிட்டே காட்டியிருக்கீங்களா?"

"அய்யய்ய! அது எப்படி?" என்றார் கோலப்பன். அந்தம்மா அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் மாநில எல்லையில் இருக்கிற களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டியது. அப்போதுதான் நெஞ்சில் லேசாக அரித்தது. கோலப்பன் சட்டைக்குள் கையை விட்டு, பழைய வெட்டைத் தடவுகிற அதே பெருவிரலால் தடவினார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நல்ல கை, ஒரே சீராக, தேவைக்கு மேலே ஒரு நூல்கூட ஆழம் போகாமல் வெட்டியிருக்கிறது என்று விரல் தன் பாட்டுக்குச் சொன்னது. மனுஷன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அன்றையிலிருந்து கோலப்பனும் சட்டையோடு குளித்தார். பல் தேய்க்க வந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "ஆங், அப்படி வா வழிக்கு" என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்கள். மரத்தில் உயர வெட்டுக்குக் கையைத் தூக்கினால் நெஞ்சு சுருக்கென்று இழுத்தது. கத்தி வழுக்கி, பால் சிரட்டைக்குள் விழாமல் தடி வழியே ஒழுகி வீணானது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு மரத்தைக் காயப்படுத்தினார். மரத்து வெட்டில் பூசுகிற கறுப்பு மெழுகை எடுத்து நெஞ்சில் பூசிப் பார்த்து, அது பனியனில் ஒட்டிக்கொண்டு, பனியனை எரித்ததுதான் மிச்சம். "இஞ்சேருங்க, இந்தப் புழுக்கத்துல எதுக்கு பனியனோட படுக்கீங்க?" என்று தங்கம்மை கேட்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ரவிக்கையின் கீழ்ப் பொத்தானைத் தடவிக்கொண்டு சட்டென்று அடுக்களைக்குள் போனாள். இவளுமா, என்று கோலப்பனுக்குப் பக்கென்றது. அவர் கேட்கவில்லை.

கல்யாணத்தை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாமே, கார் நிறுத்த வசதி, சாப்பாட்டுக்கு வசதி என்று மகளிடம் மெல்லப் போட்டுப் பார்த்தார். மங்கை அவர் காலரைப் பார்த்தாள். "கோவில்லதான்" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கின பிள்ளை. அவளைத் தாரை வார்க்க இன்னொருத்தன் கை நீட்டுவான், தான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது, ரப்பர் தோட்டத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து வாய்விட்டு அழுதார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, நடு மத்தியானம், அவர் தாணுவின் கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். தாணு செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவன் கண்ணில் அந்தப் பழைய உஷார் வந்ததைக் கோலப்பன் பார்த்தார். இந்த ஊரில் யார் ஷட்டரை இறக்கினாலும் அவனுக்கு அந்த உஷார் வரும், அதில் என்ன தப்பு? கோலப்பன் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை விரித்துக் காட்டினார்.

தாணு வெகுநேரம் பார்த்தான். ஊரே அவனிடம் காட்டு காட்டு என்று கேட்டிருக்கிறது, அவனிடம் வந்து யாரும் காட்டினதில்லை. "வலிக்கா மாமா?" என்று கேட்டான்.

கோலப்பன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்டார்களே, இந்தப் பயலிடம் இந்த ஒரு கேள்வியை ஒருத்தனாவது கேட்டானா, நான் கேட்டேனா? "வலிக்கல்ல. அரிக்கி. கையைத் தூக்கினா இழுக்கு" என்றார்.

"ஆறு மாசம் இழுக்கும். உயர வெட்டுக்குப் போவாதீங்க. தேங்காயெண்ணெய் வெச்சு இப்படி மெல்ல அழுத்தி விடணும்" என்று தன் சட்டைக்கு மேலேயே விரலால் காட்டினான். பிறகு அவனாகவே சொன்னான். "நான் மேல் ஆபரேஷன் மட்டுந்தான் செய்திருக்கேன் மாமா. மத்தது இப்பம் எனக்கு வேண்டாம்னு இருக்கு. பின்னால வேணும்னு தோணினா நானும் மங்கையும் பேசிக்கிடுவோம். சின்னதுல அந்தக் கோவிலுக்குப் பாவாடை சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. ஆம்பிளைப் பிள்ளையளெல்லாம் வெறும் மேலா விளக்குக்கு முன்னால நிக்கும். எனக்கு அழுகையா வரும். ஒரு நாளாவது அங்க அப்படி நிக்கணும்."

"நான் முன்னாலயே கேட்டிருந்தா சொல்லியிருப்பியா மக்கா?"

"மாட்டேன். நீங்க காட்டினதுனால சொல்லுகேன்."

கோலப்பன் பொத்தானைப் போட்டார். "மங்கைகிட்ட சொல்லாதே."

"நான் சொல்லமாட்டேன். மறைக்கவும் முடியாதே மாமா, அன்னைக்குக் கழத்தணுமே" என்றான் தாணு.

ஆவணி மாதம், வளர்பிறை, ஒன்பதரைக்கு மேல் முகூர்த்தம். ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் புதுச் சட்டையில், கழுத்துப் பொத்தான் போட்டு, கோவில் வாசலுக்கு வெளியே ஒரு கூட்டமாக நின்றார்கள். உள்ளே பெண்களும், வெளியூர்க்காரர்களும், போத்தியும். தாணு படியேறி வந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெறும் மேலோடு விளக்குக்கு முன்னால் போய் நின்றான். வாசலில் நின்றவர்களெல்லாம், கேட்டுக் கேட்டுப் பார்க்க முடியாமல் போன அதைக் கடைசியில் பார்த்தார்கள். அவரவர் கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே இரண்டு கோடு. அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

அடுத்து கோலப்பன். படியில் நின்று ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். கடைசிப் பொத்தான் கழன்று சட்டை தோளை விட்டு இறங்கியபோது, மணையில் உட்கார்ந்திருந்த மங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போய்க் கேட்டேன்."

அவள் முகம் கல்லாகிவிட்டது. "சித்தப்பா!" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உள்ள வாங்க. தாரை வார்க்கணும்."

கோலப்பனின் தம்பி மாதேவன் பட்டுச் சட்டையின் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "இல்ல மக்ளே... எனக்குச் சளி பிடிச்சிருக்கு... டாக்டரு மேலுல காத்துப் படப்பிடாதுன்னு..." கூட்டத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டு, தன் காலரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மங்கை ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தாள். ஒவ்வொரு சட்டையும் வேறு பக்கம் பார்த்தது. போத்தி நேரமாகிறது என்று செருமினார். கோலப்பன் மூக்கு வைத்த கிண்டித் தண்ணீரின் பக்கத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வள்ளியூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருத்தர், கோடு கீடு எதுவும் இல்லாத வெறும் நெஞ்சோடு, முன்னால் எட்டிப் பார்த்தார். மாமனுக்கும் இரண்டு கோடு, மருமகனுக்கும் இரண்டு கோடு. மனுஷனுக்குக் குழம்பிவிட்டது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கோவிலுக்கே கேட்கும்படி கேட்டார். "ஆமா, இதுல அந்த ஆபரேஷன் செய்துக்கிட்ட ஆளு யாருவே?"

தாணு தலை குனிந்தான். மங்கையின் கை அவன் கையைத் தேடியது.

"நான்தான்" என்றார் கோலப்பன். குரல் கணீரென்று வாசல் வரைக்கும் போயிற்று. "நான்தான் ஓய் அந்த ஆளு. என்ன தெரியணும் உமக்கு? மேலே செய்ததா, கீழே செய்ததா? என்கிட்ட கேளும், சொல்லுகேன். அந்தப் பிள்ளையளை விட்டுரும்."

சாமி முன்னால் கேட்டதற்கு விடியும் வரைக்கும் பொறுக்கவில்லை போலும், வள்ளியூர்க்காரர் சற்று நேரத்தில் நெஞ்சைச் சொறிந்தார், குனிந்து பார்த்தார், மடித்து வைத்த சட்டையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் கூட்டத்தோடு நின்றார். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

மங்கை அப்பாவைப் பார்த்தாள். அந்த இரண்டு கோட்டைப் பார்த்தாள். கண்ணில் நிறைந்ததைத் துடைக்காமலேயே வாசல் பக்கம் திரும்பி, "சித்தப்பா, நீங்க அங்கேயே இருங்க" என்றாள். பிறகு தாணுவின் கைக்கு மேலே தன் கையை வைத்து முன்னால் நீட்டினாள்.

"அப்பா, தண்ணிய ஊத்துங்க. நேரமாவுது."

கோலப்பன் கிண்டியை எடுத்தார். கையைத் தூக்கியபோது நெஞ்சு இழுத்தது. இழுக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் தூக்கி, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் ஊற்றினார்.